நேராக அடித்த முளைகள்

அந்த மருத்துவமனையின் பதிவேட்டில் அவர் தோட்டப் பணியாளர். வாயால் எல்லாரும் கூப்பிடுவது எஞ்சினியர் என்று. பெயர் வைத்தது சலவைக்கூடத்துப் பெண்கள், கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் வாங்கின மாதிரி ஏற்றுக்கொண்டார். கதவுத் தாழ்ப்பாளில் இருந்து துணி பிழியும் இயந்திரத்தின் பெல்ட் வரை எது மக்கர் பண்ணினாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். பாதியைச் சரிசெய்வார். மீதிப் பாதி சரியாகாததற்கு அதைச் செய்த கம்பெனிக்காரனைத் திட்டுவார். தன் காலிலேயே சுத்தியலைப் போட்டுக்கொண்ட அன்றுகூட, சுத்தியலின் காம்பு வழவழவென்று இருப்பதாகத்தான் புகார் சொன்னார்.

மருத்துவமனை ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. குன்றின் அடியில் சலவைக்கூடம். இரண்டுக்கும் நடுவே பச்சைப் பசேலென்று ஒரு புல்சரிவு. அது முடிகிற இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கல்லும் சிமெண்ட்டுமாக ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கும் சலவைக்கூடத்தின் பின்பக்கத்துக்கும் இடையில் ஒரு வண்டி போகிற அளவுக்குப் பாதை. பாதையின் இந்த முனையில் எஞ்சினியரின் கொட்டகை. அந்த முனையில் பாதை வளைந்து மேலேறிப் புல்வெளியில் சேரும். சலவைக்கூடத்தில் எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாக ஓர் அம்மாள். எட்டில் ஒருத்தி எஞ்சினியரின் மனைவி. அவள் நிற்பது இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில், பின்சுவரை ஒட்டி. சன்னலைத் திறந்தால் தடுப்புச் சுவர் ஒன்றுதான் தெரியும் என்பதால் அவள் அதைத் திறப்பதே இல்லை.

போன வருடம் நிர்வாகி ஒரு புல்வெட்டும் வண்டி வாங்கிக் கொடுத்தார். உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஸ்டியரிங் இருந்தது, முன்விளக்குகூட இருந்தது. சமதளத்தில் அது சொன்ன பேச்சைக் கேட்டது. சரிவில் ஏற்றினால் பின்சக்கரம் சும்மா சுற்றும்; பிரேக்கை மிதித்தால் வண்டி நின்ற வாக்கிலேயே கீழ்நோக்கி வழுக்கும். மழைக்காலம் வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. சரிவில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. மேலே படுத்திருக்கிற நோயாளிகள் சன்னல் வழியாகப் பார்ப்பது அந்தப் புல்லைத்தான் என்றும், இவரால் முடியவில்லை என்றால் சரிவை மட்டும் வெளியாட்களிடம் விட்டுவிடலாம் என்றும் நிர்வாகி நயமாகச் சொன்னார். எஞ்சினியருக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. விட்டேனா பார் என்று அந்த வண்டியோடு மல்லுக்கு நின்றார்.

முதலில் குறுக்கே ஓட்டுவதை நிறுத்தி, மேலும் கீழுமாக ஓட்டினார். கொஞ்சம் பரவாயில்லை. பின் டயரில் காற்றைக் குறைத்தார். டயர் தரையில் அகலமாகப் படிந்தது. அப்புறம் ட்யூபில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் நிரப்பினார், கனம் கூடட்டும் என்று. அதுவும் போதாமல், மண்ணைக் கவ்வுகிற மாதிரி ஆழமாக வெட்டு விழுந்த டயர்களாக வாங்கி மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் பத்தடி கூடுதலாக ஏறியது வண்டி. பதினோராவது அடியில் வழுக்கியது. ஒருநாள் டயரை உற்றுப் பார்த்தபோது மண்டையில் விளக்கு எரிந்தது. புது டயரின் வெட்டு முழுக்கச் சேறு அப்பியிருந்தது. வெட்டு அடைபட்ட டயரும் மொட்டை டயரும் ஒன்றுதானே. சேறு எங்கிருந்து வருகிறது என்று தேடினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. வண்டி கொட்டகையில் இருந்து கிளம்பி வருகிற பாதை முழுக்க ஈரம். தடுப்புச் சுவரில் முழங்கால் உயரத்தில் வரிசையாகப் பதினொரு குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் இருந்து இராப்பகலாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எதற்காக அந்தக் குழாய்களை வைத்தான் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று சொல்வதும் தப்பு. சுவர் கட்டினவன் அரைகுறை, குழாயை வைத்துவிட்டு மூட மறந்துவிட்டான் என்று யோசித்தார். சாக்குத் துணியைச் சிமெண்ட்டில் தோய்த்து ஒவ்வொரு குழாயிலும் திணித்து, கம்பியால் இடித்து, மேலே வழித்துப் பூசினார். இரண்டே நாளில் பாதை காய்ந்து வெளுத்துப்போனது. வண்டி சுத்தமான டயரோடு சரிவுக்குப் போனது. துணி ஏற்றின தள்ளுவண்டி இனிமேல் சேற்றில் சிக்காது என்று சலவைக்கூடத்துப் பெண்கள் மனம் குளிர்ந்துபோனார்கள். மேற்பார்வை அம்மாள் தன் கையாலேயே அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். எத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள் என்று அவர் ஒருவாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

முளை விவகாரம் கிளம்பியது அதற்குப் பிறகுதான். சுவருக்கு மேலே, நாலைந்து எட்டு தள்ளி, சரிவின் குறுக்கே ஒரு வரிசை மரமுளைகள் அடித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். வண்டி அந்தக் கயிற்றைத் தாண்டி இறங்கக் கூடாது, அங்கேயே திரும்ப வேண்டும் என்பதற்கான எல்லை. அதை அடிப்பது அவருடைய மைத்துனனின் வேலை. மனைவியின் தம்பிதான்; நாற்பதை நெருங்குகிறவன், அதிகம் பேசாதவன், ஒரு வேலையைச் செய்தால் ஒன்றிச் செய்கிறவன். கயிற்றை இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, ஒவ்வொரு முளையாக அடிப்பான். அவன் அடித்த வரிசையில் அதுவரை யாரும் குறை கண்டதில்லை.

குழாய் அடைத்த அடுத்த திங்கட்கிழமை வரிசை நடுவில் நாலு விரல் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. எஞ்சினியர் மைத்துனனைக் கூப்பிட்டுக் காட்டி, அரைத்தூக்கத்தில் அடித்தாயா என்று கேட்டார். நேராகத்தான் அடித்தேன் என்றான் அவன். எல்லா முளையையும் பிடுங்கித் திரும்ப அடித்தார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை ஒரு சாண் இறங்கியிருந்தது. இந்தத் தடவை அவர் சலவைக்கூடத்துப் பெண்கள் காதில் விழுகிற மாதிரி கத்தினார். அவன் கண்ணுக்குக் கண்ணாடி வாங்கித் தரும்படி மனைவியிடம் சிபாரிசும் செய்தார். மூன்றாவது வாரம் அவனை ஒதுக்கிவிட்டு, தானே பிடுங்கி, தானே நூல் பிடித்து, தானே அடித்தார். அன்றிலிருந்து மைத்துனன் அவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூன்று பேரும் ஒரே வீடு; இரண்டு பேருக்கும் நடுவில் அவர் மனைவிதான் தபால்காரி. உப்பு வேண்டும் என்றால்கூட அக்காவிடம் சொல்லி அத்தானிடம் வாங்குகிற நிலைமை. கத்தினது கொஞ்சம் அதிகம் என்று ஒருதடவை ஒத்துக்கொள்ளுங்கள், அவன் அத்தோடு மறந்துவிடுவான் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கோணலாக அடித்தது அவன், ஒத்துக்கொள்ள வேண்டியது நானா என்று எஞ்சினியர் திருப்பிக் கேட்டார்.

நாலாவது வாரம், மூன்று நாள் கொட்டின மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்த காலையில், எஞ்சினியர் தன் கடைசி ஆயுதங்களை எடுத்தார். கனம் கூட்டுவதற்காகப் பின்சக்கரங்களில் சக்கரத்துக்கு ஓர் இரும்புத் தட்டை போல்ட் போட்டு முடுக்கினார். டயரைச் சுற்றிச் சங்கிலி பூட்டினார். மைத்துனன் வாயைத் திறக்காமல் ஸ்பானரை எடுத்து எடுத்துக் கொடுத்தான். இதற்கும் வழுக்கினால் வண்டியைச் செய்தவனை நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று எஞ்சினியர் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

வண்டி ஏறியது. அடிவாரத்தில் இருந்து ஒரு சிணுங்கல் இல்லாமல், சுவரில் பல்லி ஏறுகிற மாதிரி ஏறியது. சங்கிலி புல்லைக் கவ்வி நறுக்நறுக்கென்று பதிந்தது. உச்சிவரை போய்த் திரும்பி, அடுத்த பட்டையில் இறங்கி, கயிற்றுக்கு முன்னால் கச்சிதமாகத் திரும்பி, மறுபடி ஏறினார். மேல்மாடிச் சன்னலில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்தாவது பட்டை சரிவின் நடுப்பகுதி. இத்தனை வாரமாக வண்டி நுழையவே மறுத்த இடம். அதன் வழியே இறங்கி வந்து, கயிறு இன்னும் இரண்டு ஆள் நீளம் இருக்கும்போது பிரேக்கை மிதித்தார்.

சக்கரம் நின்றது. சங்கிலி மண்ணைக் கவ்விப் பிடித்தது; அது அவருக்கு இருக்கையிலேயே உணர்வில் தெரிந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. மெதுவாக, யாரோ பாயைப் பிடித்து இழுக்கிற மாதிரி, கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் தானாக நின்றது. ஓர் அடி இருக்கலாம். அதற்கு மேல் இல்லை.

எஞ்சினியர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டேதான் இறங்கினார். சக்கரத்துக்குப் பின்னால் சங்கிலி பதிந்த தடத்தைப் பார்த்தார். வழுக்கின சக்கரம் புல்லை உரித்து இழுத்துக் கோடு போட்டிருக்கும். ஒரு வருடமாக அவர் பார்த்த தடம் அது. இந்தத் தடம் அப்படி இல்லை. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக, அச்சடித்த மாதிரி, ஒரு பிசிறு இல்லாமல் பதிந்திருந்தது. சக்கரம் ஓர் இம்மிகூட வழுக்கவில்லை. அப்படியானால் எது வழுக்கியது என்று அவர் குனிந்தபடியே யோசித்தார். 

தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார். பத்துப் பதினைந்து எட்டு ஏறியதும் தடம் அறுந்தது. அறுந்த இடத்தில் வெட்டி விழுந்த புல்லை விலக்கினார். தரையில் ஒரு வெடிப்பு. சரிவின் குறுக்கே, கண்ணுக்கு எட்டின தூரம், பிறை வடிவில் வளைந்து போனது. அந்தப் பக்கத்துத் தடம் பதிந்த இடத்திலேயே இருந்தது. இந்தப் பக்கத்துத் தடம் ஓர் அடி கீழே. அவர் மண்டியிட்டு வெடிப்புக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. தோள்பட்டை வரை போனது. விரல் நுனியில் ஜில்லென்று தண்ணீர் தட்டியது.

அவர் கையை வெளியே இழுத்துக்கொண்டு கீழே பார்த்தார். முளை வரிசை தெரிந்தது. போன வாரம் தன் கையாலேயே நூல் பிடித்து அடித்த வரிசை, நடுவில் தொய்ந்து கிடந்தது. அதற்கும் கீழே தடுப்புச் சுவரின் விளிம்பு. அதுவும் நேராக இல்லை. நடுவில் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு, நிறைமாத வயிறுபோல நின்றது. மூன்று வாரமாக முளைகளைப் பிடுங்கிப் பிடுங்கி நேராக அடித்தது ஞாபகம் வந்தது. மைத்துனன் ஒருமுறைகூடக் கோணலாக அடிக்கவில்லை. முளை அடித்த நிலம்தான் நகர்ந்துகொண்டிருந்தது. குன்று எழுதிக் காட்டிய கணக்கை அவர் வாராவாரம் அழித்துவிட்டுத் திட்டு வேறு திட்டியிருக்கிறார். அப்புறம் அந்தப் பதினொரு குழாய்கள். சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று இப்போதுதான் தன்னைக் கேட்டுக்கொண்டார்.  சுவருக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், அவர் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது நேராகச் சலவைக்கூடத்துக்கு ஓடினார் என்று சொல்லத்தான் ஆசை. அவர் ஓடியது கொட்டகைக்கு. கடப்பாறையை எடுத்துக்கொண்டு பாதைக்கு வந்தார். யாருக்கும் தெரிவதற்கு முன்னால் அடைப்பை எடுத்துவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தார். ஒரு நல்ல மனுஷனுக்கு அந்த நேரத்தில் அப்படித் தோன்றுமா என்றால், தோன்றியது. என்ன ஆச்சு என்று கேட்காமல் மைத்துனனும் பின்னால் வந்து நின்றான். எஞ்சினியர் நடுக் குழாயின் வாயில் கடப்பாறையை வைத்து ஓங்கி ஓர் இடி இடித்தார்.

அடைப்பு உடையவில்லை, பறந்தது. சிமெண்ட்டும் சாக்குமாக அது அவர் தோளை உரசிக்கொண்டு போய்ச் சலவைக்கூடத்தின் சுவரில் மோதியது. அதன் பின்னால் கை கனத்துக்கு ஒரு தண்ணீர்ப் பாய்ச்சல், பாதையைத் தாண்டி எதிர்ச் சுவரில் அடித்தது. தண்ணீர் தெளிவாக இல்லை. குழம்பிய செம்மண். சுவருக்குள்ளே கல்லோடு கல் உரசுகிற முனகல் கேட்டது. இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.  ஒன்றைத் தொட்டதற்கே இப்படி என்றால் இனிமேல் இதில் யாரும் கை வைக்க முடியாது என்பது எஞ்சினியருக்கு விளங்கியது. பாதையின் வாயில் போய் நின்றுகொண்டு யாரையும் இந்தப் பக்கம் விடாதே என்று மைத்துனனைத் தள்ளிவிட்டு, சலவைக்கூடத்தின் முன்வாசலுக்கு ஓடினார்.

உள்ளே நாலு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. நீராவியும் சோப்பு வாசமும். சுவர் விழப்போகிறது, எல்லாரும் வெளியே வாருங்கள் என்று கத்தினார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். போன வருடம் பிழியும் இயந்திரம் வெடிக்கப்போகிறது என்று அவர் சொல்லி எல்லாரும் வெளியே வெயிலில் ஒருமணி நேரம் நின்றதும், கடைசியில் அது ஒரு பொத்தான் சிக்கின சத்தம் என்று தெரிந்ததும் அங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை. பதினொரு மணிக்கு அறுவை அறைக்கு விரிப்புகள் போயாக வேண்டும், சுவரைப் பற்றி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள் என்றாள் மேற்பார்வை அம்மாள். அவர் அவளைத் தாண்டிப் பின்பக்கம் போனார். மனைவி உருளைக்குள் விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே சன்னல் கண்ணாடியில் செம்மண் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நீராவியில் அவள் அதைப் பார்க்கவில்லை.

அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்தார். வேலை நேரத்தில் என்ன இது என்று அவள் கையை உதறினாள். தலையில் இருந்து கால்வரை சேறாக நிற்கிறவரைப் பார்த்து, வண்டியைக் கவிழ்த்துவிட்டீர்களா என்றுகூடக் கேட்டாள்.  எதைச் சொன்னால் நம்புவாள் என்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

"அந்தக் குழாயெல்லாம் அடைச்சேன்ல. தண்ணி உள்ளயே நின்னு நிலமே நகருது. தப்பு என்மேலதான். உன் தம்பி அடிச்ச முளையெல்லாம் நேராத்தான் இருந்துச்சு."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் பின்னால் எத்தனை நாள் ஆனாலும் மறக்க முடியவில்லை. கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. அடுத்த கணம் உருளையின் சுவிட்சை அணைத்தாள். பாதி போன விரிப்பை அப்படியே விட்டாள்.

"எல்லாரும் வெளிய போங்க. இப்பவே," என்றாள்.

அவள் சத்தம் போட்டுப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. சிரித்தவளின் கையைப் பிடித்து இழுத்து வாசல் பக்கம் தள்ளினாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தவளை முதுகில் தட்டித் திருப்பினாள். விரிப்பு, விரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த மேற்பார்வை அம்மாளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே போனாள். எஞ்சினியர் பின்னால் வந்தவர்களைக் கதவுக்கு வெளியே ஓட்டினார். வாசலைத் தாண்டியும் அவள் யாரையும் நிற்கவிடவில்லை. சாலையைக் கடந்து, வாகனம் நிறுத்துகிற இடத்தின் அந்தக் கோடிவரை விரட்டிக்கொண்டு போய், அங்கேதான் எண்ணினாள். எட்டும் ஒன்றும் ஒன்பது. தம்பி எங்கே என்று கேட்டாள். அவன் பாதையின் வாயில் இருந்து ஓடி வந்துகொண்டிருந்தான்.

முதலில் ஒரு பெரிய துணியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. புல்லின் வேர்கள் அறுகிற சத்தம் அது. பிறகு சரிவு முழுவதும், புல்லோடும் முளைகளோடும் மேலே நின்ற வண்டியோடும், அவசரமே இல்லாமல் கிளம்பியது. சுவர் நடுவில் பிளந்தது. சலவைக்கூடத்தின் பின்பக்கம் காணாமல் போனது. கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. முன்வாசல் வழியாக மண் வெளியே பிதுங்கியது. மண்ணோடு சேர்ந்து இஸ்திரி உருளையும், அதில் பாதி சுற்றின வெள்ளை விரிப்போடு, வாசல்படிவரை வந்து நின்றது. எல்லாம் முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

 ஒருத்திக்கு மட்டும் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. எஞ்சினியர் அந்த உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்ற இடம் அதற்குப் பின்னால் ஓர் எட்டு.  அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, மேற்பார்வை அம்மாளுக்குத்தான் முதலில் வாய் வந்தது. இந்த மனுஷன் சொன்னதை நாங்கள் யாரும் நம்பவில்லையே, நீ மட்டும் எப்படி நம்பினாய் என்று எஞ்சினியரின் மனைவியைக் கேட்டாள்.

"பதினெட்டு வருஷமா இவரோட குடும்பம் நடத்துறேன்," என்றாள் அவள். "தப்பு என்மேலன்னு ஒரு தடவை சொன்னதில்லை. அதையே சொல்றாருன்னா அந்தச் சுவர் நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு."

யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. எஞ்சினியர் தலையை நிமிர்த்தவில்லை.  மைத்துனன் தன் சட்டையைக் கழற்றி அக்காவின் தோளில் போர்த்திவிட்டு, அவருக்குப் பக்கத்தில், ஒரு முழம் இடைவெளி விட்டு, உட்கார்ந்தான்.

நிர்வாகி மேலிருந்து வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது. சரிவில் இறங்க வழியில்லாததால் சாலை வழியாகச் சுற்றி, மூச்சு வாங்க வந்தார். ஆட்கள் எல்லாரும் வெளியே இருப்பதைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எஞ்சினியர்தான் முன்கூட்டியே பார்த்து எல்லாரையும் காப்பாற்றினார் என்று மேற்பார்வை அம்மாள் சொன்னாள். நிர்வாகி எஞ்சினியரின் இரண்டு தோள்களையும் பிடித்து எழுப்பி நிறுத்தினார். என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஒன்பது உயிர் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு உறுதியான சுவர் எப்படி விழுந்தது, அதில் தண்ணீர் போகக் குழாய் எல்லாம் வைத்திருந்தார்களே என்று கேட்டார்.

 குழாயை அடைத்தது யார் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். மேற்பார்வை அம்மாள் எஞ்சினியரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிர்வாகியிடம் திரும்பி, "பழைய குழாய்தானே சார். தானா அடைச்சுப்போயிருக்கும்," என்றாள். ஆமாம், ரொம்பப் பழசு என்றாள் இன்னொருத்தி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். மைத்துனன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் ஒன்றும் சொல்வதாக இல்லை.

அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் எஞ்சினியரை உலுக்கியது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நாளைக்கு ஒரு மாலைகூடக் கிடைக்கும். இதுநாள்வரை அவர் தேடித் தேடிச் சொன்ன சாக்குகளில் ஒன்றுகூட இவ்வளவு கச்சிதமாக வாய்த்ததில்லை. இதை மற்றவர்களே செய்து கையில் கொடுக்கிறார்கள். மனைவி அவரைப் பார்க்கவில்லை. கைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தாள். அவர் எந்தப் பக்கம் போனாலும் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டது அவருக்குத் தெரிந்தது.

"தானா அடைக்கலை, சார்," என்றார் அவர். "நான்தான் அடைச்சேன். பதினொண்ணையும்."

நிர்வாகிக்குப் புரியவில்லை. அவர் தோளைப் பிடித்திருந்த கையை எடுக்கவும் இல்லை. எதற்காக அடைத்தாய் என்று, குழந்தையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

எஞ்சினியர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். காரணம் அவரிடம் இருந்தது. டயரின் வெட்டில் சேறு அடைப்பதில் இருந்து எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்க அவரால் முடியும். கூரைமேல் மண்ணில் பாதி புதைந்து, சங்கிலி பூட்டின சக்கரங்களோடு அந்த வண்டி கவிழாமல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் விளக்கத்தை எல்லாம் விட்டுவிட்டார்.

"வண்டி வழுக்கக் கூடாதுன்னு," என்றார்.

நிர்வாகி மண்ணுக்குள் கிடந்த சலவைக்கூடத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வரிசையாக நின்ற ஒன்பது பெண்களைப் பார்த்தார்.